மகளின் கொப்பியும் என் கொப்பியும்

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்துவிட்டாள். வேலணையில் அலுவலகத்தில் இருந்த எனக்குச் செய்தி வந்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரத்தம் குறைவு என்றார்கள். கிளினிக்கில் இருந்த தாதி, எங்கள் ஊர் வழக்கில் மிஸி, மகள் நான்கு நாட்களுக்குச் சாப்பிடுவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவரச் சொன்னார். காரணம் பிடிபடாவிட்டால் யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டி வருமாம். எனக்கு உள்ளூரப் பயம்தான்.

முதல் நாள் கொப்பியைப் பார்த்தேன். "காலை: ஒன்றுமில்லை. மதியம்: சோறு. இரவு: ஒன்றுமில்லை." அன்று காலை, புட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டி ஒன்று நிறைந்த புட்டை வாழைப்பழத்தோடு பிசைந்து அவள் உள்ளே தள்ளியதை, பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்ற நான் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தேன்.

"புட்டு எங்க?"

"அது புட்டு. சாப்பாடு எண்டாச் சோறுதானே அப்பா."

இரண்டாம் நாள் அவளுடைய புத்தகப்பைக்குள் ரோல்ஸ் சுற்றிய எண்ணெய்த்தாள் கிடந்தது. கொப்பியில் ரோல்ஸ் இல்லை. கேட்டால், கூட்டாளி வாங்கித் தந்ததாம். மற்றவர்கள் தந்தது கணக்கில் வராதாம். ஆனால் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் ஒதுக்கப்பட்டுக் கோழிகளுக்குப் போன முருங்கையிலை வறை மட்டும் இரண்டு நாளும் முத்து முத்தான எழுத்தில் ஏறியிருந்தது.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி அபாரம். மூன்று வருடத்துக்கு முன் நாம் ஏசியதை அச்சொட்டாகச் சொல்வார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு முன் தின்றதுதான் மறந்துவிடும்.

நானோ மற்றவர்கள் நிரப்பிய படிவங்களில் பிழை பிடித்தே தலை நரைத்தவன். சும்மா இருப்பேனா? நானும் ஒரு கொப்பி வாங்கினேன். கையில் தேநீர்க் கேத்தலும் காதில் பேனையுமாகச் சாப்பாட்டு மேசையடியில் காவல் நின்றேன். தோசை ஐந்து. சம்பல் இரண்டு கரண்டி. மிக்சர் ஒரு கைப்பிடி.

"நான் ஒண்டும் விடமாட்டன், பார்" என்று அவளிடம் பெருமையும் அடித்தேன்.

ஐந்தாம் நாள் கிளினிக்கில் மிஸி அவளுடைய கொப்பியைப் புரட்டினார்.

"தேத்தண்ணியைக் காணேல்லை. பிள்ளை குடிக்கிறேல்லையோ?"

"குடிக்கிறனான் மிஸி. நீங்கள் சாப்பிட்டதைத்தானே எழுதச் சொன்னனீங்கள்?"

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"காலமை புட்டோட ஒண்டு. பள்ளிக்கூடத்தால வந்து சோத்தோட ஒண்டு, அதை அப்பா பிளாஸ்கில ஊத்தி வச்சிட்டுப் போவார். இரவு தோசையோட ஒண்டு. எல்லாம் அப்பாதான் போடுறவர். நல்ல கடும் சாயமா."

அபார ஞாபகசக்தி என்று நான் சொன்னது சரிதான்.

மிஸி என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாப்பாட்டோட இப்பிடிச் சாயத் தேத்தண்ணி குடிச்சா இரும்புச்சத்து உடம்பில சரியாச் சேராது அண்ணை. இரும்புச்சத்துக் குளிசை தாறன், தேத்தண்ணியை நிப்பாட்டிப் பாப்பம். இப்ப யாழ்ப்பாணம் போகத் தேவையில்லை."

அப்பாடா என்றிருந்தது. கண் கலங்கியதையும் மறைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மிஸி என் கையைக் காட்டி, "அதென்ன, இன்னொரு கொப்பி?" என்றார்.

"அது அப்பாவின்ர" என்றாள் மகள். "தேத்தண்ணி அதில இருக்கும் மிஸி. அப்பா ஒண்டும் விடமாட்டார்."

ஒவ்வொரு தேநீரையும் போட்டுக் கொடுத்தவன் நான். என் கொப்பியில் ஒன்றுகூட இல்லை.