எமரால்டு சரிவில் என் கட்டையை எடுத்தவர்

ஊட்டிக்குப் பக்கத்து ஊரான எமரால்டில், சரிவில் நிறுத்தியிருந்த என் காரின் சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள். கார் தானாக உருண்டு தடுப்புச் சுவரில் மோதியது. நான் பிரேக் போட மறந்துவிட்டேன் என்று சொல்கிறார்களே, அது பொய்.

நான் மலேசியக் குடிமகன். ஈப்போவில் நாற்பது ஆண்டு லாரி ஓட்டியவன். மனைவிக்குச் சொந்த ஊர் ஊட்டிப் பக்கம் என்பதால் மூன்று ஆண்டுகளாகப் பெர்ன்ஹில்லில் இருக்கிறோம். பழைய கார் ஒன்று வாங்கியபோது, "வெளிநாட்டுக்காரர் பேர்ல எதுக்குங்க, மச்சினர் பேர்ல போட்டுடலாம்" என்றார் தரகர். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான்கு முறை அலைந்து என் பெயரிலேயே பதிவு செய்தேன். முன்பு ஒருமுறை கதவு உரசியதில், இன்னொரு அடி விழுந்தால் காரை விற்றுவிடுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, எமரால்டில் இருக்கும் மனைவியின் அக்காவைப் பார்க்கக் காலை 7.10க்குக் கிளம்பினோம். பெட்ரோலை ஊட்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கீழே இறங்கி நின்று, மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். லவ்டேல் தாண்டியதும் பனிமூட்டம். என் மீட்டர் கணக்கில் 21 கிலோமீட்டர், 8.20க்குப் போய்ச் சேர்ந்தோம்.

டீக்கடை எதிரே நல்ல சரிவு. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். 'டைட் பண்ணியாச்சுங்க' என்ற மெக்கானிக்கை நான் நம்பாததால், சில்வர் ஓக் மரத்தில் நானே அறுத்து மஞ்சள் பெயிண்ட் அடித்த கட்டை ஒன்று காரில் எப்போதும் இருக்கும். அதையும் முன்சக்கரத்துக்குக் கொடுத்தேன். இரண்டாவது வாய் டீ குடிப்பதற்குள் வெளியே சத்தம். கார் பத்தடி தள்ளி, விளக்கு உடைந்து, சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏனுங்க, ஹேண்ட் பிரேக் போட்டீங்களா இல்லீங்களா?" என்றார் டீக்கடை அம்மா. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். மகளிடம் சொல்லப்போகிற முகம் அது.

கதவைத் திறந்து காட்டினேன். பிரேக் மேலேதான் இருந்தது. பிறகு கட்டையைத் தேடினேன். எதிர்ப்பக்கம் காரட் ஏற்றிக்கொண்டிருந்த பிக்கப்பின் சக்கரத்துக்கு அடியில், மஞ்சளாக.

"ஐயா, லோடு ஏத்த ஏத்த வண்டி நழுவுச்சுங்க. உங்க வண்டி காலியாத்தானே நிக்குது, அதான் எடுத்தேன்" என்றார் டிரைவர். "சும்மா எடுக்கலீங்க. பதிலுக்குக் கல்லு வெச்சனுங்க."

அந்தக் கல்லை எடுத்துக் காட்டினார்.

"இது கல்லா? உருளைக்கிழங்கு இதைவிடப் பெருசா இருக்கும்."

"வண்டிய கியர்ல விட்டிருந்தா இந்தக் கல்லே போதுமுங்க, ஐயா. மலையில எல்லாரும் அப்படித்தானுங்க நிறுத்துவாங்க."

டீக்கடை அம்மா சிரித்துவிட்டார். நான் கியரில் விடவில்லை என்பது உண்மை. ஈப்போவின் சமதளத்தில் அந்தப் பழக்கம் எனக்கு வரவே இல்லை. அதற்காக, கேட்காமல் எடுத்தது சரியாகிவிடாது.

உடனே கட்டையை உருவக் குனிந்தேன். பிக்கப்புக்கு முன்னால், கீழ்ச்சரிவில், நான்கு பெண்கள் குத்தவைத்து மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்துவிட்டேன். லோடு முடிந்து அவர்கள் எழுந்து போகும்வரை நாற்பத்தைந்து நிமிடம், வேறு யாரும் தொடாதபடி கட்டைக்குப் பக்கத்திலேயே நின்றேன். டிரைவர் டீ வாங்கி வந்து நீட்டினார். வாங்கவில்லை.

இனி, பிக்கப் டிரைவர் சொந்தமாக ஒரு கட்டை வாங்க வேண்டும். அடுத்தவர் கட்டை வேண்டுமானால், பத்தடி நடந்து வந்து கேட்க வேண்டும். மெக்கானிக் அந்தச் சரிவுக்கே வந்து, என் கண் முன்னால் ஹேண்ட் பிரேக்கைச் சோதித்துக் காட்ட வேண்டும். வெளியூரிலிருந்து வந்து ஓட்டுபவர்கள் கட்டையைச் சங்கிலியால் காரோடு கட்டிவைக்க வேண்டும். மனைவி இதை மகளிடம் சொல்லும்போது கல்லின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மகள், விற்பதைப் பற்றிப் பேசும் முன் ஒருமுறை வந்து அந்தச் சரிவைப் பார்க்க வேண்டும்.

நான் வண்டியைக் கியரில் விட்டு நிறுத்த வேண்டும். அன்றே, திரும்பி வந்து வீட்டு வாசலில் அப்படித்தான் நிறுத்தினேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது.