விளையாட்டுக்குச் சொன்னது

பசுமாட்டு விஷயத்தில் வேம்பு செய்தது அசட்டுத்தனம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பழியை முழுக்க அவள் தலையில் கட்டுவதும் நியாயமில்லை.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் கூலிக்காரத் தெருவில் பிறந்து, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்தவள் அவள். எஸ்தோனியா என்கிற குளிர் நாட்டில், ஒரு பெரிய பால் பண்ணையில் கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் கூடவே மேற்படிப்பும் கூடிவரும் போலிருந்தது. அந்த நாட்டுப் பாஷையை ஒன்றரை வருடமாக, மாரெ என்கிற டீச்சரிடம் கணினி வழியாகப் படித்து வந்தாள். பண்ணை மேலாளர் ஆர்வோ முதல் நேர்காணலின் முடிவில், முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல் சொன்னார்: "எங்கள் மாடுகளுக்கு எஸ்தோனிய மொழி மட்டும்தான் புரியும். உங்கள் ஊர் மாடு ஒன்றையும் கூட்டி வாருங்கள், மொழிபெயர்க்க உதவும்."

சரி என்றாள் வேம்பு. அதோடு விட்டாளா? இரண்டு நாள் மெனக்கெட்டு, தடுப்பூசி, தனிக்கொட்டில், சான்றிதழ் என்று மாட்டை நாடு விட்டு நாடு கொண்டுபோகும் விதிகளையெல்லாம் திரட்டி மின்னஞ்சல் அனுப்பினாள். கிடேரி போதுமா, கறவை மாடாக வேண்டுமா என்று வேறு கேட்டிருந்தாள்.

பதில் சுருக்கமாக வந்தது. அது வேடிக்கைக்குச் சொன்னது. நான் சொல்வதையெல்லாம் அப்படியே செய்கிறவர் என் கொட்டகையில் இருந்தால், நான் தவறாகச் சொல்லும் நாளில் கன்று செத்துப்போகும். வெள்ளிக்கிழமை இன்னொரு முறை பேசுவோம், முடிவு அதற்குப் பிறகு.

வேம்புவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலை கைநழுவிப் போகிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மாரெவிடம் அழாக்குறையாகச் சொன்னாள். மாரெ சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, அந்த வாரப் பாடத்தையே மாற்றிவிட்டாள். வேடிக்கை பேசுவதைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் வீட்டில் யார் யாரோடு கேலி பேசுவார்கள், யாரோடு பேசவே மாட்டார்கள், கேலியால் யாருக்காவது துன்பம் வந்ததுண்டா என்று வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பழக வேண்டும்.

அந்த வாரம் முழுக்க வேம்பு வரப்பில்தான் நடந்தாள். சம்பா நட்டு, பயிர் பச்சை கட்டியும் கட்டாமலும் இருந்த நேரம். தேங்கிய தண்ணீரில் மேகம் மெல்ல மடை தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே, வாய்க்கு வராத அந்தச் சொற்களை முணுமுணுப்பாள். அவை வாயை விட்டுப் போய்த் தண்ணீரின் மேலேயே கொஞ்ச நேரம் நிற்பது போலிருக்கும். தூரத்து நாட்டின் பனிவெளி இந்த வயலுக்கு அடியில்தான் எங்கோ விரிந்து கிடக்கிறதென்று தோன்றும். கொக்குகள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

முதல் வாக்கியம் சுலபமாக வந்தது. அத்தை மகனை, மாமன் பெண்டாட்டியைக் கேலி செய்யலாம், அதற்கு முறை உண்டு. நடவுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கிண்டலடித்தே ஒரு வயலை முடித்துவிடுவார்கள். வரப்பில் பண்ணைக்காரர் தலை தெரிந்தால் சத்தம் நின்றுபோகும். அதற்குமேல் வேம்புவுக்கு வாக்கியம் ஓடவில்லை. தொழுவத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்த அப்பா மருதையனிடம் போய், பண்ணையார் உங்களிடம் வேடிக்கை பேசியதுண்டா என்று கேட்டாள்.

மருதையன் வைக்கோலைக் கீழே போட்டார். மகளிடம் கூட அதுவரை சொல்லாததைச் சொன்னார்.

அவருக்கு அப்போது இருபது வயது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கும் கூலி ஆளுக்கே அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. தாலுகா ஆபீஸ் ஆட்கள் அளக்க வரப்போகிறார்கள் என்று தெருவே காத்திருந்தது. அந்த நேரத்தில் பண்ணையார் பஞ்சநதம் வில்வண்டியை நிறுத்தி, வெற்றிலை மென்றபடி சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "மருதையா, உன் குடிசை மட்டும் இல்லேன்னா என் வண்டி வளையாம நேரா போகும்டா." கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். மருதையன் பொழுது சாய்வதற்குள் கீற்றைப் பிரித்து, மூங்கிலை உருவி, வாய்க்கால் கரைக்குக் குடிசையை மாற்றிவிட்டார். மூன்றாம் நாள் அளக்க வந்தவர்கள் வெறும் மண்ணைப் பார்த்தார்கள். தெருவில் எல்லோருக்கும் பட்டா கிடைத்தது, அவருக்கு மட்டும் இல்லை. பஞ்சநதம் அப்போதும் சிரித்தார். அட, வெளையாட்டுக்குச் சொன்னேன்டா, அதுக்குப் போய்ப் பிரிப்பியா என்றார்.

"அது வெளையாட்டா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல, ஆயி" என்றார் மருதையன்.

ஐம்பது வருடம் ஒரு மனிதர் இதைத் தனியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேம்புவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பசுமாட்டு மின்னஞ்சலை எழுதியது தன் கை மட்டுமில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வீட்டில் சிக்னல் கிடைக்காததால், தொழுவத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மருதையன் சற்றுத் தள்ளி நின்றார். திரையில் ஆர்வோ வந்ததும், வேம்பு குடிசைக் கதையை எஸ்தோனிய மொழியில் சொன்னாள். தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள். மூங்கிலுக்குச் சொல் தெரியாமல் நீளக் குச்சி என்றாள். சொல்லச் சொல்ல, அது அப்பாவின் கதையா தான் கண்ட கனவா என்று அவளுக்கே மயக்கமாக இருந்தது. அதனால்தான் மாட்டைப் பற்றி எழுதினேன் என்று முடித்தாள்.

ஆர்வோ அதே அசையாத முகத்தோடு சொன்னார்: "வேலை உங்களுக்குத்தான். நாளைக் காலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் நிற்க வேண்டும்."

வேம்பு பாதி எழுந்துவிட்டாள். பாஸ்போர்ட் பீரோவில் இருந்தது, மயிலாடுதுறைக்குப் போய் ரயிலைப் பிடித்தால் சென்னை போய்விடலாம் என்று மனது ஓடத் தொடங்கியது. அந்த ஓட்டம் எங்கிருந்து வருகிறதென்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. மறுபடி உட்கார்ந்தாள். திரையை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"கஸ் தே தேத்தெ நல்யா?"

ஆர்வோவின் வாயோரம் இலேசாக அசைந்தது. ஆமாம், நாளைக்கு என்றது வேடிக்கை, வேலை என்றது வேடிக்கையில்லை, ஜனவரியில் வந்தால் போதும் என்றார். திரை அணைந்தது.

மருதையன் பக்கத்தில் வந்தார். "கடைசியா என்னமோ கேட்டியே, என்னது அது?"

"வெளையாட்டுக்குச் சொல்றீங்களான்னு கேட்டேன்ப்பா."

அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படிக் கேக்கலாமா?"

"கேக்கலாம்ப்பா."

"எனக்குக் கேக்கத் தோணலியே, ஆயி" என்றார் மருதையன்.