நுரை வளையம்: ஒரு பீர் கிறுக்கனின் பாடுகள்

பாரில் உட்கார்ந்து பீரைக் குடிக்காமல் மோந்து பார்க்கிறவனை மதுரையில் இரண்டு விதமாகத்தான் நினைப்பார்கள்: ஒன்று கலால் ஆபீசர், இல்லையென்றால் கிறுக்கன்.

என்னைப் பார்த்தால் ஆபீசர் மாதிரித் தெரியாது. பிழைப்புக்கு டிராக்டர் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். மற்றபடி, சின்னச் சின்ன ஆலைகளில் கொஞ்சமாகவும் நிதானமாகவும் காய்ச்சி எடுக்கிறார்களே கிராஃப்ட் பீர், அதற்கு இந்த ஊரில் சம்பளமில்லாத பிரசாரகன். 'மடமடன்னு ஊத்தாதீங்க, முதலில் வாசனை பாருங்க' என்று கண்டவர்களிடமும் சொல்லித் திரிவதற்கு, அவனியாபுரம் வாடிவாசலில் நின்று காளைக்குக் கன்னத்தில் முத்தம் கொடுக்கலாம். இதே வியாதி பிடித்து இதே அவமானப்பட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் ஒன்று, இதில் கடைசி இரண்டு பாடுகளையும் வீட்டில் தனியாக இருக்கும்போது படிக்க வேண்டாம்.

முதல் பிரசாரம்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ், அதன் கீழ்த்தளத்தில் ஒரு ஏசி பார். யார் பேச்சையோ கேட்டு அதன் மேனேஜர் வெளிநாட்டுச் சின்ன ஆலைகளின் பாட்டில்களை ஒரு அலமாரி நிறைய வாங்கி அடுக்கிவிட்டார். ஒருவரும் சீண்டவில்லை. நானும் என் சிநேகிதன் மகாலிங்கமும்தான் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் போய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். அவன் அவனியாபுரத்தில் மோட்டாருக்கு காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான்.

ஒருநாள் பக்கத்து மேஜைக்காரரைப் பிடித்துக்கொண்டோம். மரக்கடைக்காரர், நல்ல மனுஷன். எங்கள் கறுப்பு பீரில் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்து, முளைகட்டிய பார்லியை வறுத்து எடுப்பதால் காபிக்கொட்டை வாசனை வரும் என்று விளக்கினேன். கண்ணை மூடி மோந்தார். ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். ஆள் நம் வலையில் விழுந்துவிட்டார் என்று நானும் மகாலிங்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அருமையா இருக்குண்ணே. இதுல ஒரு குவாட்டரை ஊத்துனா இன்னும் அருமையா இருக்கும்."

பேசுகிற கிளாஸ்

மகாலிங்கத்துக்கு இதில் சில சட்டதிட்டங்கள் உண்டு. பாட்டிலைக் கண்முன்னால்தான் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன்னால் மூடியை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பான். ஓப்பனர் ஒருமுறை பட்டிருந்தாலும் மூடியின் நடுவில் ஒரு மடிப்பு விழுந்துவிடும், எத்தனை அழுத்தி மூடினாலும் அது போகாது என்பான். பாட்டிலோடு குடிக்க மாட்டான். அவனுக்கென்று ஒரு கிளாஸ் வீட்டிலிருந்து கொண்டுவருவான். கடைசி ஒரு விரற்கடையைக் குடிக்காமல் விட்டுவிடுவான், அடியில் ஈஸ்ட் மண்டி தங்கியிருக்குமாம்.

பீர் நுரை நல்ல கிளாஸில் வளையம் போடும். ஒரு வாய் குடித்தால் ஒரு வளையம், அடுத்த வாய்க்கு அதற்குக் கீழே இன்னொன்று. சும்மா வைத்திருந்தால் நுரை அடங்குமே தவிர வளையம் விழாது. மகாலிங்கம் இந்த வளையத்தைக் கைரேகை மாதிரி படிப்பான். ஒருநாள் பக்கத்து மேஜையில் ஆள் இல்லை, காலி கிளாஸ் மட்டும் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பாதிவரைக்கும் நிதானமாக் குடிச்சிருக்கான் மாப்ள. அப்புறம் என்னமோ சேதி வந்திருக்கு. மிச்சத்தை ஒரே மடக்கா ஊத்திக்கிட்டு எந்திரிச்சிருக்கான்" என்றான்.

மேஜை துடைக்க வந்த ராஜாங்கம் அண்ணன் கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டார். அந்த பாரில் ரொம்ப வருஷமாக வேலை பார்க்கிறவர். "ஆமா தம்பி, ஊர்ல அவுக அப்பா தவறிட்டாராம், இப்பத்தான் போன் வந்துச்சு" என்றார். மகாலிங்கம் சிரிக்கவில்லை. அந்தக் கிளாஸை மெல்ல ராஜாங்கம் அண்ணன் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆளு போனாலும் கிளாஸு பேசும் மாப்ள" என்றான்.

வாடிப்பட்டி ரோடு

அவனுடைய பெரியப்பா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வாடிப்பட்டியில் ஒரு விசேஷத்துக்கு வந்தவன், இவனுக்காக ஒரு பாட்டில் கறுப்பு பீர் கொண்டுவந்திருந்தான். அதை வாங்கிக்கொண்டு மகாலிங்கம் பைக்கில் வீட்டுக்குப் போய், வண்டியை விட்டுவிட்டுக் கிளாஸோடு பஸ்ஸில் பாருக்கு வருவதாக ஏற்பாடு. "வாரேன் மாப்ள, அலமாரியில எதையும் தொட்டுறாத" என்று போனில் சொன்னான். நானும் தொடாமல் காத்திருந்தேன். அவன் வரவில்லை. வழியில் ஒரு லாரி.

பையில் இருந்த பாட்டில் நொறுங்கி அவன் சட்டையெல்லாம் பீர் நனைந்திருந்தது. தூக்கியவர்கள் மோந்தார்கள். ஆஸ்பத்திரியில் மோந்தார்கள். துஷ்டிக்கு வந்தவர்கள் மோந்து பார்க்காமலே பேசினார்கள். 'குடிச்சுட்டு ஓட்டிச் செத்தான்' என்று ஊர் முழுக்க ஒரே பேச்சாகிவிட்டது. அவன் கிளாஸ் இல்லாமல் ஒரு சொட்டுக் குடிக்க மாட்டான், அந்தக் கிளாஸ் அன்று வீட்டில்தான் இருந்தது என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். பீர்க்காரனுக்குப் பீர்க்காரன் சாட்சி என்று சிரித்தார்கள்.

ஊர் நம்பாதது எனக்குப் பெரிதில்லை. அவன் மனைவி செல்வி நம்பவில்லை, அதுதான் என்னைத் தின்றது. வண்டியில் போகும்போது தொடவே மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தானாம். அவனுடைய போட்டோவுக்கு ஒரு மாலைகூடப் போடாமல் வெறுமனே மாட்டி வைத்திருந்தாள். நான் வாசலில் நின்று விளக்கம் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "வாசம் பொய் சொல்லுமாண்ணே?"

இரண்டு கிளாஸ்

பல மாதம் கழித்து அந்த பாருக்குப் போனேன். மதிய வெயிலில் இருந்து உள்ளே நுழைந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். அதே மேஜை. ராஜாங்கம் அண்ணன் பழக்கதோஷத்தில் இரண்டு கிளாஸ் வைத்து, பாட்டிலை இரண்டிலும் பங்கிட்டு ஊற்றிவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எதிர் நாற்காலிக்கு முன்னால் அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடையிலிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பினேன். எதிரே இருந்த கிளாஸில் பீர் இல்லை. வளையங்கள் இருந்தன. மேலிருந்து கீழ்வரை நிதானமாக, ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. அடியில் சரியாக ஒரு விரற்கடை மிச்சம். எனக்குக் கோபம் வந்தது. ராஜாங்கம் அண்ணனைக் கூப்பிட்டு, செத்தவன் கிளாஸில் விளையாடுகிறீர்களா என்று கத்திவிட்டேன்.

அவர் பாவம், வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைக்காதவர். என்னையும் அந்த நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் எதுக்குத் தம்பி தொடப்போறேன்? போன் பேசப் போறப்போ நீங்கதான 'பாத்துக்க மாப்ள, இந்தா வாரேன்'னு அந்தப் பக்கம் பாத்துச் சொல்லிட்டுப் போனீக?"

காபி போடாத வீடு

வருஷ திதிக்கு முந்தின வாரம் செல்வியிடமிருந்து போன் வந்தது. அந்த வாசல் கேள்விக்குப் பிறகு அன்றைக்குத்தான் பேசுகிறாள். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் காபிக்கொட்டை வறுக்கிற வாசனை வருகிறதாம். அவள் வீட்டில் யாரும் காபி குடிப்பதில்லை, அக்கம்பக்கத்திலும் வறுக்கவில்லை. மாமனாருக்கு அது தெரியவில்லை, இவளுக்கு மட்டும் மூக்கைத் துளைக்கிறது. "நீங்க எல்லாத்தையும் மோந்து பாக்குற ஆளாச்சே, திதிக்கு வந்து இது என்னன்னு சொல்லுங்க" என்றாள். எனக்கு போனிலேயே புரிந்துவிட்டது. ஆனால் சொல்லத் தைரியம் இல்லை.

படையலுக்கு இலை போட்டு அவனுக்குப் பிடித்த கறிக்குழம்பும் உளுந்த வடையும் வைத்தாள். மகன் ஆசையாகக் குடித்ததையும் வைக்கலாமே என்றார் மாமனார். "அந்தக் கருமம் இந்த வாசப்படி தாண்டாது" என்று சொல்லிவிட்டு, அவன் கிளாஸிலேயே வெறும் தண்ணீர் ஊற்றி வைத்தாள். போனவர் வந்து சாப்பிட வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம். பட்டப்பகல். தெருவில் ஷேர் ஆட்டோக்கள் கத்திக்கொண்டு போகின்றன. கதவிடுக்கிலிருந்து அந்த வாசனை வந்தது. வறுத்த பார்லி, கொஞ்சம் கருப்பட்டி, லேசாகப் புகை. செல்வி என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மாமனார் சாவகாசமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

மூன்று தரம் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள். இலை வைத்தபடியே இருந்தது. கிளாஸின் அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. உள்பக்கம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் நுரை வளையங்கள். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். எனக்கு ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷம் பழக்கிய மூக்கு சும்மா இருக்குமா? வாசனை கிளாஸிலிருந்து வரவில்லை. மேலே, பரணிலிருந்து வந்தது. ஸ்டூல் போட்டு ஏறினேன். பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு ரெக்ஸின் பை. விபத்தன்று போலீஸ் கொடுத்ததை மாமனார் திறந்து பார்க்காமலே தூக்கிப் போட்டிருக்கிறார். செல்வி அதன் பக்கமே போனதில்லை.

ஜிப்பை இழுத்ததும் காபி வாசனை நின்றுபோனது. உள்ளே இருந்தது புளித்த வாடைதான். விறைத்துப்போன ஒரு துண்டு, கண்ணாடிச் சில்லுகள், அவற்றுக்கு நடுவில் பாட்டிலின் கழுத்து மட்டும் உடையாமல் இருந்தது. கழுத்தின் மேல் மூடி. விரலால் ஒரு சுற்றுத் தடவினேன். நடுவில் மடிப்பு இல்லை. ஓப்பனர் படவே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். செல்வியிடம் கொடுத்து, திறந்த மூடி எப்படி இருக்கும் என்று சொன்னேன். அவளும் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தாள். மாமனாரிடம் கொடுத்து அவரையும் தடவிப் பார்க்கச் சொன்னாள். பிறகு அதை வாங்கிப் போட்டோவுக்கு முன்னால் இலையோரம் வைத்தாள். மாலையில்லாத அந்த வெறும் போட்டோவை நிமிர்ந்து பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, வெரசாப் போயி ஒரு சம்பங்கி மாலை வாங்கிட்டு வாங்க. நல்லா நெருக்கமாக் கட்டுனதாப் பாத்து வாங்குங்க, அவரு தடவித் தடவிப் பாப்பாரு."

இத்தனை வருஷம் தொண்டை வற்றப் பிரசாரம் செய்தும் மதுரையில் ஒரு ஆளைக்கூட பீரை மோந்து குடிக்கும் பழக்கத்துக்கு மாற்ற முடியாத நான், அன்றைக்குப் பூக்கடையில் மாலையை மோந்து பார்த்து வாங்கியதற்கும் கிறுக்கன் என்ற பட்டத்தோடுதான் திரும்பினேன்.