பெயிண்ட் உரிந்த விமானம்

சுனாமியில் கடல் தண்ணீர் உள்ளே வந்துபோன பிறகு எங்கள் உப்பளத்தில் பல மாதம் உப்பு எடுக்கவில்லை. பாத்தியெல்லாம் சேறு. அந்த வருஷம், 2005-ல், நானும் என் தங்கச்சி வீட்டுக்காரரும் வளைகுடாவில் ஒரே கம்பெனிக்கு விசா வாங்கினோம். நான் அவரை மாப்ளே என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். கிளம்புகிற அன்று தங்கச்சி மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, "அண்ணே, அவரு பயந்த சுபாவம். நீதான் பாத்துக்கணும்" என்றாள். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தை இப்போது சொல்கிறேன்.

மீனம்பாக்கத்தில் காலை நேரம். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் விமானத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். அதுவரைக்கும் அளத்துக்கு மேலே வானத்தில் வெள்ளையாக, விரல் அளவுக்குப் பார்த்த சாமான். கிட்டே பார்த்தால் வயிற்றுப் பக்கம் முழுக்க எண்ணெய் ஒழுகின கறை. சிவப்புப் பட்டை வெயிலில் வெளுத்து ரோஸ் கலராகிக் கிடந்தது. பக்கவாட்டில் எழுதியிருந்த விமானக் கம்பெனி பேரில் இரண்டு எழுத்தைக் காணவே காணோம். கொஞ்சம் தள்ளி இன்னொரு விமானம் நின்றது. புதுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது.

அளத்துக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. வருஷா வருஷம் வேலை ஆரம்பிக்கும்முன் ஆயில் இன்ஜின், பைப், டேங்க் எல்லாவற்றையும் நகத்தால் நெம்பிப் பார்ப்போம். பெயிண்ட் செதிலாக வந்தால் உள்ளே இரும்பு செத்துவிட்டது என்று அர்த்தம். "போயிருக்குது" என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அதை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவோம். மறுபேச்சு கிடையாது.

படிக்கட்டின் உச்சியில் வரிசை நின்றுவிட்டது. என் கை கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே பெயிண்ட் தூக்கிக்கொண்டு நின்றது. நகம் தானாகப் போய்விட்டது. கட்டை விரல் அளவுக்குச் செதில் கையோடு வந்தது.

"அடப்பாவிங்களா, போயிருக்குதே!" என்றேன்.

பின்னாலேயே மாப்பிள்ளை. "மச்சான், நான் ஏறல" என்றார்.

அப்புறம்தான் செதிலைத் திருப்பிப் பார்த்தேன். துருவே இல்லை. உரிந்த இடத்தில் பச்சையாக ஒரு பூச்சு, அதற்கும் கீழே வெள்ளை வெளேரென்று தகரம் மின்னியது. "இல்ல மாப்ளே, பாருங்க, துரு இல்ல. இது இரும்பே இல்ல" என்று செதிலை நீட்டினேன்.

"மொதல்ல போயிருக்குதுன்னீங்க. இப்ப என்னை ஏத்தறதுக்காக மாத்திச் சொல்றீங்க."

கையில் வயர்லெஸ் வைத்திருந்த ஆள் கீழேயிருந்து மேலே வந்தான். "டேய், இன்னாடா சுரண்டறே? உங்க ஊரு டவுன் பஸ்ஸா இது?"

வரிசையில் ஒருத்தன், "அண்ணே, அப்படியே டயரையும் ஒதைச்சிப் பாத்துடு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

"சார், இது வெறும் பெயிண்ட்தான்னு இவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று கும்பிட்டேன். அந்த ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து, "ஏறுறியா, எறங்குறியா?" என்று மட்டும் கேட்டான்.

அவர் இறங்கிவிட்டார். நானும் இறங்கப் போனேன். "நீங்க போங்க மச்சான். ரெண்டு பேரும் திரும்பிட்டா வீட்ல அடுப்பு எரியாது" என்றார். போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவ்வளவு பெரிய பஸ்ஸில் அவர் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்துகொண்டு போகிறார்.

பக்கத்து சீட்டில் கோட்டக்குப்பத்து பாய் ஒருத்தர். பல தடவை போய் வந்தவர். "பெயிண்ட் போனதால ஒண்ணும் ஆவாது தம்பி. இன்ஜினை ஒழுங்காத்தான் பாக்கறாங்க. மேல அடிக்கறதுக்குத்தான் மனசு வரல. அங்க நிக்குது பார், அது கோட்டு போட்டவங்க போறது. நம்மளுக்கு இது போதும்னு வெச்சிருக்கான்" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. பறக்கிறதற்குப் பெயிண்ட் வேண்டாம் என்றால் அந்த விமானத்துக்கு மட்டும் எதற்கு அடித்தான்? பார்க்கிறவன் மனசு நிறையத்தானே? எங்களுக்கு மனசு இல்லையா? ஒரு கோட்டு பெயிண்ட் அடித்திருந்தால் என் நகம் அங்கே போயிருக்காது, என் மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வாயை மூடாத என் மேலும் கோபம்தான். ஆனால் அது இரண்டாவது. ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். பரலோக மந்திரத்தில் மன்னிக்கிற இடம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. சர்வேசுரன் அறிவார், பொய் சொல்லி ஜெபம் பண்ண எனக்கு வராது.

முதல் வெள்ளிக்கிழமை லீவில் ஊருக்குப் போன் பண்ணினேன். தங்கச்சி எடுத்தாள்.

"பெயிண்ட் போனா உனக்கு இன்னாண்ணே? அது உன் வீட்டுச் செவுரா? அவரு விசா கேன்சலாயிடுச்சாம், ஏஜென்ட் சொல்லிட்டான். காலையிலேர்ந்து அளத்துல சேறு வாரிட்டு இப்பத்தான் வந்து குந்தறாரு."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "நல்லபடியா எறங்கிச்சா அது?"

"எறங்கிச்சு மாப்ளே. ஒரு குலுக்கல் கூட இல்ல."

அவர் "சரிங்க மச்சான்" என்றார்.