லாடக்காரரின் மூக்கு

என் கொள்ளுத்தாத்தா அயர்லாந்துக்காரர். ரங்கூனில் குதிரைகளுக்கு லாடம் அடித்தவர். கட்டிக்கொண்டது தமிழ்ப் பெண்ணை. அயர்லாந்தில் அவர் தொழில் பழகிய பட்டறையையும், அதை வைத்திருக்கும் உறவுக்காரரையும் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தேன்.

ரங்கூன் பசுந்தாங் பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வீடியோ கால் வந்தது. உறவுக்காரர் போனோடு நடந்து, கரி படிந்த உலைச் சுவரைக் காட்டினார். என் மூக்கு அப்படியே அவர் அப்பாவின் மூக்காம். இருவருமே அழுதோம்.

பிறகு, இங்கே பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்கும் வயதில் நிற்கும் என் மகனை அங்கே கொஞ்ச காலம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றார். இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தும் எடுக்கவில்லை.

ரங்கூனில் எந்நேரமும் கரண்ட் போகும். அன்று பார்த்துப் போகவில்லை. தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, அங்கயும் கரண்டு போவுதா?" என்றாள் மனைவி.

"ஆமா, போவுமாம்" என்றேன், மகனைப் பார்க்காமல். அவனுக்கும் அதே மூக்குதான்.