கூரைச் சந்தில் ஒரு பாடிக் கடை

எழுபதுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு கடலோரக் குப்பத்தில் எங்கள் வீடு இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சங்கு, சோழிக் கடையில் வேலை பார்த்தேன். அங்கே வந்த வெள்ளைக்காரிகளில் பாதிப் பேர் மெல்லிய ஜிப்பாவுக்குள் எதுவுமே போடாமல் ஹாயாகத் திரிந்தார்கள். அவர்கள் கழற்றி எறிந்துவிட்டு வந்த அதே சாமானைத் தேடித்தான், கடை லீவு நாள் ஒன்றில், நானும் என் அண்ணியும் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போனோம்.

அந்தச் சாமானுக்கு எங்கள் பக்கம் பாடி என்று பெயர். முழு உடம்புக்கும் பொதுவான இங்கிலீஷ் சொல் எப்படி அந்த ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யோசனை அண்ணியுடையது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். தினமும் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் தெருத்தெருவாக விற்பாள். வெட்கத்தைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். திரும்பப் போய் எடுத்துவரவும் இல்லை. மீன் வாங்கும் ஒரு வீட்டுக் கொடியில் பாடி காய்வதைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்காரம்மாவிடமே விசாரித்திருக்கிறாள். "பெரிய கடைத்தெருவுல பாத்திரக் கடைக்குப் பக்கத்துல ஒரு சந்து போவுது. உள்ள போனா ஒரு கடை கீது. பொம்பளையே விக்கறா" என்று அந்தம்மா காதோடு சொன்னாளாம்.

பொம்பளையே விற்கிறாள் என்பதுதான் விசேஷம். மற்ற கடைகளில் ஆண்கள் இருப்பார்கள். கேட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டே எடுத்துப் போட்டுப் பேப்பரில் சுற்றித் தருவார்கள்.

"ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஒனக்குக் கல்யாணம் வேற கூடி வருது" என்றாள் அண்ணி.

கல்யாணம் அப்படியொன்றும் கூடி வரவில்லை. அதற்குச் சில நாள் முன்னால் செங்கல்பட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் சாதிசனம்தான், ஒரு தலைமுறைக்கு முன்பே கடலை விட்டு டவுனுக்குப் போனவர்கள். ஜவுளி வியாபாரம் என்றார் தரகர். மாப்பிள்ளையின் அம்மா என்னை நடக்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள், சவுரி வைத்திருக்கிறேனா என்று பின்னலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாப்பிள்ளை வாயைத் திறந்தது வடைக்கு மட்டும்தான். மீதி நேரமெல்லாம் தங்க நிறச் சங்கிலி போட்ட கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். போனவர்கள் போனவர்கள்தான். பதிலே இல்லை.

பாத்திரக் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவில் அந்தச் சந்து இருந்தது. அதைச் சந்து என்பதுகூடப் பெருந்தன்மை. தொங்கவிட்ட குடங்களுக்குக் கீழே குனிந்து நுழைந்தால், உள்ளே இன்னொரு கடைத்தெருவே ஓடியது. தலைக்கு மேல் தகரக் கூரை. தகரம் ஓட்டையான இடத்தில் சாக்கு, சாக்கு கிழிந்த இடத்தில் ஏதோ ஒரு கட்சியின் பழைய பேனர். அங்கங்கே பதித்திருந்த கண்ணாடி ஓடுகள் வழியாக வெளிச்சம் இறங்கியது. அதன் கீழே நின்றவர்கள் எல்லாம் சாமி வந்தவர்கள்போல ஜொலித்தார்கள். ஓர் அடி தள்ளிப் போனால் மறுபடியும் பித்தான் கடைக்காரர், குடை ரிப்பேர்க்காரர்.

படத்துக்குச் சட்டம் போடும் கடையில் முருகனும் ஒரு முதலமைச்சரும் யாரோ ஒருவரின் செத்துப்போன தாத்தாவும் தோளோடு தோள் உரசிக்கொண்டு கண்ணாடிக்காகக் காத்திருந்தார்கள். சவுரிக் கடையில் கூந்தல்கள் ஆள் இல்லாமல் வரிசையாகத் தொங்கின. நான் என் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கடை மட்டும் அகப்படவில்லை. எங்கே என்று கேட்கவும் முடியவில்லை. எங்கள் அண்ணிக்கே அந்த இடத்தில் நாக்குப் புரளவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பொம்பளைங்க சாமான் விக்கற கடை எங்க கீது?" என்று பித்தான் கடைக்காரரிடம் கேட்டாள். அவர் வளையல் கடையைக் காட்டினார். வளையல் கடைக்காரர் மஞ்சள் குங்குமக் கடைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "ரெண்டு பேர்ல யாருக்கும்மா வலி?" என்று மருத்துவச்சி வீட்டுக்கு வழி சொன்னார். அவர் சொன்ன பக்கம் திரும்பிப் போய்ச் சினிமாக் கொட்டகையின் கழிப்பறைச் சுவருக்கு எதிரே வெளியே வந்து விழுந்தோம். மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி உள்ளே ஓடினோம்.

கடைசியில் அண்ணி குடை ரிப்பேர்க்காரர் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்று, "அண்ணாத்த, இங்க பாடி எங்க விக்குது?" என்று மீன் விற்கிற அதே குரலில் கேட்டுவிட்டாள். தகரக் கூரை அந்தச் சொல்லை வாங்கிச் சந்து முழுவதும் விநியோகித்தது. வளையல் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். குடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே குடைக் கம்பியால் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். நாங்கள் பலமுறை கடந்து போன பச்சைத் திரைதான். கோழிக் கூண்டு அளவு கடை.

திரையை விலக்கினோம். கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள், என் பின்னலைப் பிடித்து இழுத்த அதே அம்மா.

நான் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டேன். அண்ணிதான் முதலில் தெளிந்தாள்.

"அட, சம்பந்தியம்மா! ஜவுளிக் கடைன்னு சொன்னீங்க?"

அந்தம்மாவின் முகத்தில் ஒரு கணம் என்னவோ ஓடியது. அவ்வளவுதான். "ஏன், இது இன்னா இரும்பா? துணிதானே? ஜவுளிதான். வாங்க, உக்காருங்க. யாருக்கு வோணும்?"

"ரெண்டு பேருக்கும்."

அண்ணியை மட்டும் டேப்பை வைத்து அளந்தாள். நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, "நீ கைய எறக்கும்மா. ஒன்ன அன்னிக்கே வூட்டுல பாத்துட்டேன்" என்றாள். அன்று நடக்கச் சொன்னதும் திரும்பச் சொன்னதும் வேறு எதற்கோ என்று நாங்கள் நினைத்திருந்தோம். பிறகு பழக்கதோஷத்தில், கீழே பார்த்து, "முப்பத்திரண்டு, வெள்ளை, ஒண்ணு எடு" என்றாள்.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை எழுந்து வந்து அட்டைப் பெட்டி ஒன்றை மேசை மேல் வைத்தது. மணிக்கட்டில் தங்க நிறச் சங்கிலி போட்ட கடிகாரம்.

கைக்கு அப்போதுதான் நிலைமை உறைத்ததுபோல. பெட்டியை விட்டுவிட்டு மெதுவாகக் கீழே இறங்கியது.

அண்ணி குனிந்து பார்த்தாள். "யோவ் மாப்ள! உள்ள இன்னா பண்ணிகினு கீற? வெளிய வாய்யா!"

தலையெல்லாம் ஒட்டடையோடு அவர் எழுந்து நின்றார். முகம் வியர்த்திருந்தது. என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இதுல ஹூக்கு பின்னாடி வரும். தொவைச்சா சுருங்காது" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. அவருடைய பெயர்கூட எனக்குச் சரியாக நினைவில் இல்லை. என் அளவு அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எதுக்கு ஒளிஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க பொண்ணு பாத்துட்டு வந்த வூட்டுக்கே பாடி எடுத்துப் போடறது எப்டின்னு தெரியல. சந்துல ஒங்க அண்ணி கொரல் கேட்டுது. பூந்துட்டேன்."

"எங்களுக்குப் பதிலும் சொல்லல."

இதற்கு அவருடைய அம்மா பதில் சொன்னாள். எங்களுக்கு முன்னால் பார்த்த இரண்டு பெண் வீட்டாரும் சரி என்று சொன்ன பிறகு கடையைப் பார்க்க வந்தார்களாம். திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, வாங்கிக் கொடுத்த கலர் சோடாவைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போய்விட்டார்களாம். "ஒங்க வூட்டு ஆம்பளைங்க மட்டும் இன்னா பண்ணுவாங்க? அதான் கம்முனு இருந்துட்டோம்." ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தம்மா இப்போது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. என் பின்னலை இழுத்ததை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

"பயந்துகினு இருந்தா எப்டி?" என்று அவரிடம் சொன்னேன். "எங்க நைனாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. ஜவுளின்னு இல்ல. இன்னா விக்கறீங்களோ அத."

அவர் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டார். "வரேன்" என்றார்.

அண்ணி பஸ்ஸில் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய ஒருவர், "பெட்டியில இன்னா, ஸ்வீட்டா?" என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வந்தேவிட்டார், தனியாக. என் அப்பா, நைனா, கரையில் மற்ற ஆட்களோடு வலை பிரித்துக்கொண்டிருந்தார். நானும் அண்ணியும் படகின் மறுபக்கம் நின்றுகொண்டோம். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து போய், எல்லார் முன்னாலும் நின்று சொன்னார்.

"நைனா, தரகர் ஜவுளின்னு சொல்லிகீறாரு. எங்களுது பாடிக் கடை."

நைனாவின் முகம் மலர்ந்தது. "லாரிக்கா, பஸ்ஸுக்கா?"

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம், "நல்ல தொழில்டா. ஒரு லாரிக்குக் கட்டுனா போதும்" என்று வேறு சொன்னார். அந்த இடத்தில் மாப்பிள்ளை தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். நான் படகின் விளிம்புக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"லாரிக்கு இல்ல நைனா. பொம்பளைங்களுக்கு" என்றார். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார்.

நைனா திறந்தார். இரண்டு கையாலும் பிடித்துச் சூரிய வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கரையில் இருந்த அத்தனை ஆட்களும் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "மாமா, ரெண்டு நண்டு புடிக்கலாம் அதுல" என்றார். வலையெல்லாம் ஆடும் அளவுக்கு ஒரு சிரிப்பு எழுந்தது. அண்ணி பாய்ந்து போய் அதைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

நைனா சிரிக்கவில்லை. மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். "இத வித்து என் பொண்ணுக்குச் சோறு போட முடியுமா?"

"முடியும் நைனா."

"பொயலு, மழைன்னாலும் கடை தொறப்பியா?"

"சந்துக்குக் கூரை கீது நைனா. தொறந்துதான் இருக்கும்."

நைனா கடலைத் திரும்பிப் பார்த்தார். காற்றடித்தால் எங்கள் அடுப்பு எரியாத நாட்கள் அவருக்குத் தெரியும். "மொதல்ல நாஸ்தா துன்னு. அப்பால பேசலாம்" என்றார். குப்பத்தில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

கல்யாணப் பத்திரிகையில் ஜவுளி வியாபாரம் என்றே போட்டோம். நண்டு பிடிக்கலாம் என்று சொன்னவர்தான் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அண்ணி தொழிலில் இறங்கினாள். செங்கல்பட்டில் மீனை விற்றுவிட்டுத் திரும்பும்போது, காலிக் கூடைக்குள் பிளாஸ்டிக் பையில் பாடிகளைப் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் குப்பம் குப்பமாக விற்றாள். அளவு டேப்பெல்லாம் கிடையாது; ஆளைப் பார்த்து, வஞ்சிரம் தரம் பிரிப்பதுபோலப் பிரித்தாள். ஒருமுறை விற்காமல் திரும்பி வந்த ஒன்றில் மீன் வாடை. என் மாமியார் அதைப் பவுடர் போட்டுத் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி பெட்டியில் அடைத்தாள். மறுநாள் ஓர் ஆபீசர் வீட்டு அம்மா வந்தாள். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசனை வித்தியாசமா இருக்கே?" என்றாள்.

"பாரின் சரக்கும்மா" என்றாள் மாமியார். "கப்பல்ல வந்தது. கடல் வாசனை அப்டித்தான் இருக்கும்."

ஆபீசர் வீட்டு அம்மா அதில் இரண்டு கேட்டாள். ஒன்றுதான் இருந்தது.