திருத்தம் எழுத்தில் மட்டும்

என் கடைக் கம்ப்யூட்டர் ஒரு வருடமாகத் தினமும் காலையில் ஒரே துக்கச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினால் முனகிக்கொண்டே எழும். திரை தெளிந்ததும் நடுவில் ஒரு நீலப் பெட்டி வரும். உங்கள் சிஸ்டத்துக்கான ஆதரவு முடிந்துவிட்டது, புதியதற்கு மாறுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'இப்போதே மாறு', இன்னொன்று 'பிறகு நினைவூட்டு'. நான் இரண்டாவதை அமுக்கிவிட்டு டீ சொல்லப் போவேன்.

ஆதரவு முடிந்ததாம். முதலில் எப்போது ஆதரித்தார்கள் என்று சொல்லட்டும். போடியில் இருபத்தாறு வருடமாகக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறேன். முகூர்த்த மாதத்தில் கரண்டு போய், வாசலில் மூன்று கல்யாண வீட்டுக்காரர்கள் நின்று கத்தியபோது அந்தக் கம்பெனியிலிருந்து யாரும் வந்து எனக்கு விசிறிவிடவில்லை. எலி வயரைக் கடித்தபோது ஆறுதல் சொல்லவில்லை. வருடா வருடம் ஆயுத பூஜைக்குத் துடைத்துச் சந்தனம் வைத்தது நான்தான். இப்போது அவர்கள் கைகழுவுகிறார்களாம், அதற்கு நான் பதறியடித்துக்கொண்டு புது மெஷின் வாங்க வேண்டுமாம்.

தேனியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்க்காரர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் டாக்டர் களை. பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சார், இதுல புதுசு ஏறாது. மெஷினையே மாத்தணும்."

"ஏறாட்டி விடுங்க. இது ஓடலையா என்ன?"

"ஓடும் சார். ஆனா சேஃப்டி கிடையாது. எவனாச்சும் உள்ள புகுந்து இருக்கிறதையெல்லாம் எடுத்துருவான்."

"எதை எடுப்பான்? யாருக்கு யாரு தாய்மாமன்னு எடுத்துட்டுப் போயி அவன் என்ன செய்யப் போறான்?"

அவரை வாசலுக்கு அழைத்துப் போய் ரோட்டைக் காட்டினேன். மலைக்கு ஆள் ஏற்றிப் போய்த் திரும்பிய ஜீப்பு ஒன்று நின்றிருந்தது. அது எந்த வருடத்து வண்டி என்று அதன் டிரைவருக்கே தெரியாது. எஞ்சின் ஒரு வண்டியுடையது, கதவு வேறொரு வண்டியுடையது. தினமும் காலையில் பதினைந்து பேரைத் திணித்துக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி, ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டு வருகிறது. "இதுக்கு எந்தக் கம்பெனி சார் ஆதரவு குடுக்குது?" என்று கேட்டேன். அவர் தன் விசிட்டிங் கார்டை வைத்துவிட்டுப் போனார். அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் கொடுத்தேன். அவர் வந்து போனதில் அந்த ஒரு பிரயோசனம் இருந்தது.

எதிர் வரிசையில் என் தங்கை வீட்டுக்காரரின் கடை. அவரும் பத்திரிகைதான் அடிக்கிறார். கண்ணாடிக் கதவு, ஏசி, சுழல் நாற்காலி. எந்தப் புதுப் பதிப்பு வந்தாலும் வந்த அன்றைக்கே ஏற்றிவிட்டுத்தான் சாப்பிடப் போவார். அவர் தமிழ் அடிக்கிற அழகை ஒருநாள் பார்த்தேன். போனை வாய்க்கு நேரே பிடித்து 'திருவளர்ச்செல்வி' என்று இவர் சொல்கிறார், அது எழுதிக்கொள்கிறது. கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதற்குப் பெயர் டைப்பிங்காம்.

ஒருமுறை கடைக்கு வந்து, "மச்சான், எங்கிட்ட ஒரு மெஷின் சும்மா கெடக்கு. புது சிஸ்டம் போட்டுத் தர்றேன், வச்சுக்கங்க" என்றார்.

"ஒங்க மிச்சம் மீதி எனக்கெதுக்கு மாப்ளே?" என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் விசேஷ வீடுகளில் மட்டும் பேசிக்கொண்டோம்.

இவ்வளவு வாய் பேசினேனே தவிர, உள்ளதைச் சொன்னால் எனக்குப் பயம். நான் டைப்ரைட்டரில் பழகியவன். என் பத்து விரலுக்கும் தெரிந்த தமிழ், மதுரையில் ஒருவர் அந்தக் காலத்தில் சிடியில் போட்டுக் கொடுத்த ஒரு மென்பொருளில்தான் ஓடும். அந்த மனிதர் இப்போது போனை எடுப்பதில்லை. புது சிஸ்டத்தில் அது ஓடாது. அப்புறம், இந்த ஊரிலேயே வேகமாக அடிக்கிறவன் என்ற பெயர் போய், ஐம்பத்தாறு வயதில் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும். மாப்பிள்ளை கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பயம் போக, திமிரும் இருந்தது. எங்கள் ஊரில் யாரும் பத்திரிகையைப் புதிதாக எழுதுவதில்லை. "மூத்தவனுக்கு அடிச்சதை எடுங்க" என்றுதான் வருவார்கள். பழைய கோப்பைத் திறந்து, பெண் மாப்பிள்ளை பெயரையும் தேதியையும் மாற்றுவேன். பிறகுதான் முக்கியமான வேலை. இடையில் இறந்துபோனவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர்கள் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' சேர்க்க வேண்டும். உயிரோடு இருக்கிறவருக்குத் தவறிப் போட்டுவிட்டால் மண்டபத்திலேயே சட்டையைப் பிடிப்பார்கள். இறந்தவருக்கு விட்டுவிட்டாலோ, அந்த வீட்டுப் பெண்கள் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அழுவார்கள். அதனால் கடையில் ஒரு போர்டு மாட்டியிருந்தேன்: திருத்தம் எழுத்தில் மட்டும். காகிதத்தில் கொண்டுவரலாம், மெயிலில் அனுப்பலாம். போனில் சொல்லக் கூடாது. என் போனும் பொத்தான் வைத்த பழைய போன்தான், பேச மட்டும் செய்யும். இருபத்தாறு வருடத்தில் ஒரு 'தெய்வத்திரு'கூட என் கையில் தப்பியதில்லை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

ஆவணிக் கல்யாணம் ஒன்றுக்குப் பத்திரிகை சொல்ல ஓர் அம்மா வந்தார். மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர், அங்கேயே லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமைதான் இறங்க முடியும். மூத்த மகளுக்கும் நான்தான் அடித்துக் கொடுத்திருந்தேன்.

"அதே மாதிரி போடுங்கண்ணே. எங்கப்பா பேரு மட்டும் பெருசாத் தெரியணும். எம்புருசன் போனதுக்கப்புறம் ரெண்டு பிள்ளைகளையும் அவருதான் வளத்தாரு. கண்ணு மங்கிப்போச்சு. ஆனா பத்திரிகையில தம்பேர தானே வாசிக்கணுங்கறாரு."

"கண்ணாடி இல்லாமயே வாசிப்பாரு, பாருங்க" என்றேன். 'அவர்களின் பேத்தியும்' என்பதற்கு மேலே, அவர் பெயர் மட்டும் ஒரு வரி முழுக்க வருகிற மாதிரி பெரிதாக்கினேன். அந்த அம்மா திரையைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். அடுத்த மாதம் அச்சுக்குப் போகலாம், அதற்குள் திருத்தம் இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லி, என் மெயில் முகவரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அச்சுக்குப் போக வேண்டிய வாரம் மலையிலிருந்து போன் வந்தது. குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"அண்ணே, பத்திரிகையில ஒரு திருத்தம். மக மெயில்ல அனுப்பியிருக்கா. எங்கப்பா..."

"போன்ல சொல்லாதீங்கம்மா. போர்டுல எழுதிப் போட்டிருக்கேன்ல? அதான் மெயில் அனுப்பியாச்சுல்ல, நான் பாத்துக்கிறேன்."

அவர் "சரிண்ணே" என்று வைத்துவிட்டார்.

மெயிலைத் திறக்கப் போனால் திறக்கவில்லை. கொஞ்ச காலமாகவே அது அரைகுறையாகத்தான் திறந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஒரேயடியாக, உங்கள் பிரவுசர் மிகப் பழையது, இதில் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டது. இரண்டு நாள் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கெட்ட வார்த்தை சொல்லிப் பார்த்தேன். ரோட்டைக் கடந்து இருபது எட்டு வைத்தால் மாப்பிள்ளை கடை. அங்கே போய், என் மெயிலைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள் மாப்ளே என்று கேட்பதற்குப் பதில் நான் போடிமெட்டுக்கு நடந்தே போயிருப்பேன். அந்த அம்மாவுக்கே போன் போட்டு, மெயில் திறக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே.

அதனால் மூளையைக் கசக்கினேன். பெரிய திருத்தம் என்ன வந்துவிடப் போகிறது? எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். எவனாவது சித்தப்பா மகன் பி.ஈ. முடித்திருப்பான், பெயருக்குப் பின்னால் அதைப் போடவில்லை என்று மூஞ்சியைத் தூக்கியிருப்பான். ஆனால் இந்த அம்மா 'எங்கப்பா' என்றல்லவா ஆரம்பித்தார்? உடனே எனக்குப் புரிந்துவிட்டது. கிழவருக்கு எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும். அவ்வளவுதானே என்று அந்தப் பெயரை மேலும் ஒரு சுற்று பெரிதாக்கி, வரியின் இரண்டு ஓரமும் தொடுகிற மாதிரி நிறுத்தி, முந்நூறு பத்திரிகை அச்சடித்துக் கட்டிவைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தார். கையில் மஞ்சள் கிண்ணம். மஞ்சள் தடவி, அன்றைக்கே சொந்தக்காரர் வீடுகளில் வைக்க ஆரம்பிக்க வேண்டும். ஒரு பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். விரல் அந்தப் பெரிய பெயரில் போய் நின்றது. அங்கேயே நின்றது.

"மெயில் பாக்கலியாண்ணே?"

"மெயிலே வரலியேம்மா" என்றேன். கூசாமல் சொன்னேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. மகளின் போனைப் பையிலிருந்து எடுத்து, தேடி, என் முன்னால் நீட்டினார். என் முகவரி சரியாக இருந்தது. கீழே மூன்று வரி. ஐயா, தாத்தா போன செவ்வாய்க்கிழமை தவறிட்டாங்க. பேருக்கு முன்னால தெய்வத்திரு சேர்த்திருங்க. வேற திருத்தம் இல்லை.

என் வாழ்க்கையில் அப்படி நான் குறுகிப்போனதில்லை. போனில் அந்த அம்மா அழாமல் சொல்ல முயன்ற செய்தியை நான் போர்டைக் காட்டி நிறுத்தியிருக்கிறேன். செத்துப்போன மனிதரின் பெயரை, உயிரோடு இருக்கிறவராக, யார் கண்ணுக்கும் தப்பாத அளவில் அடித்து வைத்திருக்கிறேன்.

"மூணு நாள் குடுங்கம்மா, மொத்தத்தையும் திருப்பி அடிச்சுத் தர்றேன்."

"எனக்கு இன்னைக்கு ஒருநாள்தாண்ணே லீவு. பதினாறு இப்பத்தான் முடிஞ்சுச்சு. காயெடுப்பு நேரம், இனிமே ஞாயித்துக்கெழமையும் கங்காணி விட மாட்டாரு. கல்யாணத்த நிறுத்திரக் கூடாதுன்னு அவரே சொல்லிட்டுத்தான் போனாரு." பத்திரிகையை மூடினார். "பேனா இருக்கா?"

என்னிடம் நீலப் பேனாதான் இருந்தது. பத்திரிகை எழுத்து அரக்குச் சிவப்பு. கடைசியில் அந்த இருபது எட்டை வைத்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "மாப்ளே, அரக்குக் கலர் பேனா இருக்கா?" என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன்.

"அந்தத் தாத்தா அஞ்சலி போஸ்டர் நான்தான் மச்சான் அடிச்சேன். போன்லயே போட்டோ அனுப்பிட்டாங்க. மேல தோட்டத்துலதான் ஒட்டுனாங்க. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

நாலு பேனாவை எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு என் பின்னாலேயே வந்தார். சொல்லிக் காட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை பேசியிருப்பேன். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

மூன்று பேரும் கடைத் தரையில் உட்கார்ந்து 'தெய்வத்திரு' எழுதினோம். நான் பெயரை இரண்டு ஓரமும் தொடும்படி நிறுத்தியிருந்ததால் முன்னால் ஓர் எழுத்துக்குக்கூட இடமில்லை. பெயருக்கு மேலே பொடியாக எழுத வேண்டியிருந்தது. மாப்பிள்ளை கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்த அம்மாவுடையது பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து, ஆனால் நேராக நின்றது. என்னுடையதுதான் கோணிக்கொண்டு போனது. வேகமாக அடிக்கிற என் பத்து விரலில் ஒன்றுக்கும் பேனாவை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை. ஐம்பதாவது பத்திரிகையில் அந்த அம்மா என்னுடையதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க மடிச்சு மட்டும் குடுங்கண்ணே" என்றார். மடித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் முடிந்தது. வாசலில் ஜீப்பு ஆரன் அடித்தது. இடையில் கரண்டு போய் வந்திருந்ததால் கம்ப்யூட்டர் தானாக எழுந்து, நீலப் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது. கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அந்த அம்மா அதன் முன்னால் நின்று, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"இது எப்பருந்துண்ணே இப்படிச் சொல்லுது?"

"ஒரு வருசமா."

"அப்ப இதுக்கும் முன்னாடி அந்த வார்த்தைய எழுதி வச்சிருங்க. மெயில் அனுப்புறவங்க தெரிஞ்சுக்கிறட்டும்."

சிரிக்காமல்தான் சொன்னார். அரக்குப் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.